ஆவாரம்பூச் சாறு கொடுத்தால் அப்பாவின் ஈரல் தப்புமா?

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். அப்பாவுக்கு 56 வயது, அம்பாசமுத்திரம் பக்கம் வயல் பார்க்கிறார், பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சாயங்காலம் தவறாமல் குடிக்கிறார். போன வார ரத்தப் பரிசோதனையில், ஈரல் கெடும்போது ஏறுகிற இரண்டு நொதிகளான எஸ்ஜிஓடி 112, எஸ்ஜிபிடி 58. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் சித்தப்பா ஆவாரம்பூவும் செம்பருத்திப்பூவும் சேர்ந்த எக்ஸ்ட்ராக்ட் மாத்திரை ஒரு பாட்டில் வாங்கி வந்திருக்கிறார். ஈரலைப் பாதுகாப்பதாக ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்று அட்டையில் போட்டிருக்கிறது. கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், 'அப்பா குடியை உடனே விடமாட்டார், அதுவரைக்குமாவது ஈரலைக் காப்பாற்ற வேண்டும்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. குடியும் நடக்கட்டும், பூ ஈரலுக்குக் காவல் நிற்கட்டும், அது முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது. ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த அட்டையில் இருப்பது முழுப் பொய்யும் இல்லை.

நான் மருந்தியல் படித்து, 24 வருடம் அதையே கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவன். என்னுடைய முனைவர் பட்ட வேலையே பூக்களின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்து ஈரலைப் பார்ப்பதுதான். மானூர் பக்கத்துத் தரிசில் விடியற்காலையில் ஆவாரம்பூ பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, சாராயச் சத்தில் நாள்கணக்கில் வடித்திருக்கிறேன். நோயாளியைத் தொட்டுப் பார்த்து மருந்து எழுதுகிறவன் இல்லை. அதனால் உங்கள் அப்பாவுக்கு என்ன சிகிச்சை என்று நான் தீர்மானிக்க முடியாது. அந்த அட்டையில் உள்ள 'ஆய்வு' எப்படி நடக்கிறது என்பதை மட்டும் கையால் செய்தவனாகச் சொல்ல முடியும்.

எலிகளை ஆறு ஆறாகப் பிரிப்போம். ஒரு குழுவுக்கு வெறும் தண்ணீர். இன்னொரு குழுவுக்கு விஷம் மட்டும். அடுத்த இரண்டு குழுக்களுக்கு ஏழு நாளோ பதினான்கு நாளோ பூச்சாற்றைக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதே விஷம். கடைசிக் குழுவுக்குப் பூச்சாற்றுக்குப் பதிலாக சிலிமரின் என்ற மருந்து. விஷம் என்பது பெரும்பாலும் கார்பன் டெட்ராகுளோரைடு. ஒரு காலத்தில் துணி வெளுக்கவும் தீயணைக்கவும் பயன்பட்ட திரவம் அது. அல்லது அளவுக்கு மீறிய பாராசிட்டமால். மறுநாள் ரத்தம் எடுப்போம், பிறகு ஈரலை எடுத்துப் பார்ப்போம். கறிக்கடையில் பார்த்திருப்பீர்கள், நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக, வழவழவென்று, விளிம்பு கூர்மையாக இருக்கும். விஷம் மட்டும் குடித்த எலியின் ஈரல் வெளுத்து, மஞ்சளடித்து, உப்பி, மேலெல்லாம் புள்ளியாக இருக்கும். உப்புத் தண்ணீரில் கழுவினால் விரலில் பிசுபிசுக்கும். பூச்சாறு பெற்ற எலியின் ஈரல் இரண்டுக்கும் நடுவே இருக்கும். முதல்முறை அந்த மூன்றையும் ஒரே தட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. நம் ஊர்த் தரிசில் கிடக்கிற பூ இதைச் செய்திருக்கிறதே என்று. இன்றைக்கும் அந்தச் சந்தோஷத்தை நான் தவறென்று சொல்லமாட்டேன். அது கண்ணால் கண்ட உண்மை.

ஆனால் அதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். பூச்சாறு விஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. விஷம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. உங்கள் அப்பாவின் ஈரலுக்கு விஷம் பத்து வருடமாகத் தினமும் வந்துகொண்டிருக்கிறது. ஆய்வில் 'பாதுகாப்பு' என்று எழுதினால், நல்ல ஈரலுக்கு முன்கூட்டியே கொடுத்து, ஒருமுறை வரும் அடியைக் குறைத்தோம் என்று அர்த்தம். கெட்டுப்போன ஈரலைச் சரிசெய்தோம் என்று அர்த்தமில்லை, அடி விழுந்துகொண்டே இருக்கும்போது தாங்கினோம் என்றும் அர்த்தமில்லை. அட்டையில் அச்சடிக்கிறவர்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, துறைக்குள் இருப்பவர்களே அடிக்கடி மறக்கிற விஷயம். கார்பன் டெட்ராகுளோரைடு அப்படியே ஈரலைக் கெடுப்பதில்லை. ஈரலுக்குள் இருக்கிற சைப் 2இ1 என்ற நொதி அதை உடைக்கும்போதுதான் அதிலிருந்து கொடிய துகள் பிறந்து செல்களின் கொழுப்புச் சுவரைத் தீய்க்கிறது. பாராசிட்டமாலிலும் ஏறக்குறைய இதே கதைதான், இதே நொதிக்கும் அதில் பெரிய பங்கு. அப்படியானால், ஒரு பூச்சாறு அந்த நொதியைக் கொஞ்சம் மடக்கி வைத்தாலே போதும், விஷம் விஷமாகவே மாறாது, எலியின் ஈரல் தப்பிவிடும். பார்க்கிறவர்களுக்குப் பூ ஈரலைக் காத்ததாகத் தெரியும். உண்மையில் அது ஈரலுக்கு எந்த வலுவும் கொடுத்திருக்காது, கதவைச் சாத்தியிருக்கும், அவ்வளவுதான். ஒரு சாற்றில் இருக்கும் ஃபிளவனாய்டுகள் என்ற தாவரப் பொருள்கள் ஈரல் செல்லுக்கு நேரடியாக உதவினவா, இல்லை இந்த நொதியைத் தடுத்தனவா என்று பிரித்துப் பார்க்கும் சோதனையை எல்லோரும் செய்வதில்லை. நானும் என் ஆய்வில் செய்யவில்லை, வசதி இல்லை. அப்புறம் ஒன்று, தினமும் குடிப்பவருக்கு இதே நொதி ஈரலில் அதிகமாகிவிடும். அதனால்தான் குடிப்பவர்களுக்குப் பாராசிட்டமால் மற்றவர்களைவிடக் குறைந்த அளவிலேயே ஆபத்தாகிறது. அப்பா தலைவலி, உடம்புவலி என்று காலையில் மாத்திரை போடுகிற பழக்கம் வைத்திருந்தால் அதை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். பொதுவாக இப்படிப்பட்டவர்களுக்கு நாளுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பார்கள்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எலி ஆய்வுகளில் பூச்சாறு வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு 200, 400 மில்லிகிராம் என்று போகும். எலிக்கும் மனிதனுக்கும் உடல் பரப்பு வேறுபாட்டை வைத்துக் கணக்கிட்டால், எலியின் அளவை ஏறக்குறைய 6-ஆல் வகுக்க வேண்டும். 400-ஐ எடுத்துக்கொண்டால் 60 கிலோ மனிதனுக்கு நாளொன்றுக்கு 4 கிராமுக்குக் கிட்டத்தட்ட உலர்ந்த சாறு. எங்கள் கையில் 100 கிராம் உலர்ந்த பூவுக்கு 13 கிராம் போலச் சாறு கிடைக்கும். அப்படியென்றால் தினமும் 30 கிராம் உலர்ந்த பூவின் சத்து. உங்கள் பாட்டிலில் இருப்பது 250 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. சரி, எட்டு மடங்கு கொடுத்துவிடலாமா என்றால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த அளவை மாதக்கணக்கில் ஒரு குடிநோயாளியின் ஈரலுக்குக் கொடுத்து ஒன்றும் ஆகாது என்று காட்டிய ஆய்வு என் கண்ணில் பட்டதே இல்லை.

'சிலிமரினுக்கு இணையாக வேலை செய்தது' என்ற வரியும் இந்த மாதிரி அட்டைகளில் வரும். சிலிமரின் ஐரோப்பாவில் விளையும் ஒரு முட்செடியின் விதைச் சத்து. விஷக்காளான் தின்றவர்களுக்கு அங்கே அதன் ஊசி வடிவத்தை உண்மையாகவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் குடியால் கெட்ட ஈரலில்? 1989-ல் ஒரு ஆய்வு, சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போன, நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று காட்டியது. 1998-ல் 200 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 2012-ல் ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் கிருமித் தொற்று உள்ள 154 பேரிடம் அதிக அளவு கொடுத்துப் பார்த்தும் ஈரல் நொதி இறங்கவில்லை. ஆக, எலியில் சிலிமரினுக்கு இணை என்றால், மனிதனிடம் நிலையான பலன் காட்டாத ஒன்றுக்கு இணை என்றுதான் பொருள்.

இதனால் பூக்களில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஈரலைப் பொறுத்தவரை மிக நேர்த்தியாக ஆராயப்பட்ட பூ நம் புரசம்பூ. 1986-ல் ஜெர்மனியின் மியூனிக்கைச் சேர்ந்த வாக்னர் குழு அதிலிருந்து பியூட்ரின், ஐசோபியூட்ரின் என்ற இரண்டு பொருள்களைப் பிரித்தெடுத்து, ஈரல் செல்லை நச்சிலிருந்து காப்பவை இவையே என்று காட்டியது. சிலிமரினின் கட்டமைப்பை அவிழ்த்ததும் இதே வாக்னர்தான். ஆவாரம்பூவில் 2002-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் ரத்தச் சர்க்கரை குறைவதைக் காட்டினார்கள். இதெல்லாம் நல்ல வேலை. ஆனால் 2007-ல் எருக்கம்பூவுக்கும் பாராசிட்டமால் கொடுத்த எலியில் இதே 'ஈரல் பாதுகாப்பு' பதிவாகியிருக்கிறது. எருக்கம்பாலைக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் நாம். எலியில் பலன் தெரிந்தது என்பது ஒரு செடி வீட்டுக்குள் வரலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டு இல்லை.

உங்கள் ஊரில் அடுத்து யாராவது கீழாநெல்லியைச் சொல்வார்கள், அதையும் பேசிவிடுவோம். 1988-ல் சென்னையில் தியாகராஜன் தலைமையில் நடந்த ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லிப் பொடி 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு வேறு நாடுகளில் அதே போலச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 2011 வரையிலான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும் உறுதியான ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காமாலை சரியானதே? ஆமாம், சரியாகும். தண்ணீரால் வருகிற ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும். அந்தச் சமயத்தில் எதைக் குடித்தாரோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்காதீர்கள், கர்ப்பிணிக்கு ஈ வகைக் காமாலை உயிருக்கே ஆபத்து. அங்கே பச்சிலைக்காக ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது. உங்கள் அப்பாவின் சிக்கல் தானாக அடங்குகிற வகை இல்லை, காரணம் தினமும் உள்ளே போகிறது.

இனி ஆபத்துப் பக்கம். ஆவாரம்பூவை நம் வீடுகளில் கூட்டு, டீ என்று சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பழமொழியே வைத்திருக்கிறோம். ஆனால் பறிக்கும்போது செடியைப் பாருங்கள். ஆவாரைக்கு ஒரு காம்பில் எட்டுப் பன்னிரண்டு ஜோடிச் சின்ன இலைகள், நுனி மழுங்கல், காம்பு தண்டைத் தொடும் இடத்தில் காது மடல் மாதிரி இரண்டு இலைத் துண்டுகள், காய் தட்டையாகக் காகிதம் போல இருக்கும். அதே மஞ்சள் பூவோடு சாலையோரம் நிற்கிற பேயாவரைக்கு நான்கைந்து ஜோடிப் பெரிய கூர் இலைகள், கசக்கினால் நாற்றம், காய் நீண்டு லேசாக வளைந்திருக்கும். மேற்கு உத்தரப்பிரதேசத்தில் ஆண்டுதோறும் குளிர் தொடங்கும் காலத்தில் சின்னக் குழந்தைகள் திடீரென்று நினைவிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக் காய்ச்சல் என்று பல வருடம் நினைத்தார்கள். பிஜ்னோர் குழந்தை மருத்துவர் வசிஷ்டாவும் வேலூரின் ஜேக்கப் ஜானும் தேடிப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் விளையாட்டாகத் தின்ற பேயாவரைக் காய்தான் ஈரலையும் தசையையும் மூளையையும் சேர்த்துத் தாக்கியது என்று தெரிந்தது. நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற அதே செடிதான்.

ஒரே மரத்துக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு. வேப்பம்பூ ரசம் நாம் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுவது. அதே மரத்தின் வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைகளுக்குப் புகட்டியதில் ஈரல் கொழுப்படைந்து மூளை வீங்கிய சம்பவங்களை 1981-ல் மலேசியாவிலிருந்து பதிவு செய்தார்கள். எந்தப் பாகம், எவ்வளவு, எந்த வடிவம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொதிநீரில் போட்ட பூ வேறு, சாராயச் சத்தில் வடித்துச் சுண்டவைத்த சாறு வேறு. பச்சைத் தேயிலையை டீயாகக் குடித்துப் பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை, அதன் செறிவான மாத்திரையால் ஈரல் கெட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சீந்தில் விஷயத்தில் இன்னும் விவாதம் உண்டு. 2021-ல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் குடித்த 6 பேருக்கு ஈரல் அழற்சி வந்ததை எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, சரியான செடிதானா என்று கேட்டது. செடி மாறியிருந்தாலும் சரி, அதே செடியாக இருந்தாலும் சரி, பாட்டிலை வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை என்பதே அங்கே எனக்குத் தெரிகிற பாடம். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை ஏதாவது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. கிளிமிபிரைடு போல ஒன்று சாப்பிடுகிறார் என்றால், ஆவாரம்பூச் சாறும் சேரும்போது சர்க்கரை திடீரென்று தாழ்ந்து போக வாய்ப்பு இருக்கிறது. சாப்பிடாமல் குடிக்கிறவருக்கு அது இன்னும் மோசம்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் காகிதத்துக்கு வருவோம், எனக்கு அதுதான் பூவைவிட முக்கியமாகப் படுகிறது. எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறது. வெறும் உடல் பருமனால் வரும் கொழுப்பு ஈரலில் பெரும்பாலும் எஸ்ஜிபிடிதான் கூடுதலாக இருக்கும். இப்படித் தலைகீழாக இருப்பது பெரும்பாலும் குடியின் அடையாளம். இதில் இன்னொரு கணக்கும் உண்டு, ஃபிப்-4 என்பார்கள். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரங்களில் எடுத்து எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். 1.3-க்குக் கீழே வந்தால் ஈரல் இறுகியிருக்க வாய்ப்புக் குறைவு, 2.67-க்கு மேலே போனால் அதிகம். உங்கள் அப்பாவின் பிளேட்லெட் எண்ணிக்கையை நீங்கள் தரவில்லை. இரண்டரை லட்சம் என்று நல்லதாகவே வைத்தாலும் 3.3 வருகிறது, ஒன்றரை லட்சம் என்றால் 5.5. சமீபத்தில் நிறையக் குடித்திருந்தால் எஸ்ஜிஓடி தற்காலிகமாக ஏறி இந்த எண்ணையும் ஏற்றிக் காட்டும், அதனால் இதை வைத்து சிரோசிஸ் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு பூ மாத்திரையில் மூன்று மாதம் கழிப்பது சரியில்லை. ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும், ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். சி இருந்தால் இன்றைக்கு மூன்று மாத மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறது. பி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

குடியை விடமாட்டார் என்கிறீர்கள். விட வைக்க வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாட்டிலை ஒளித்து வைத்து, அறையில் பூட்டி வைக்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு, அதைச் செய்துவிடாதீர்கள். பத்து வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு வரை போகலாம். அதற்கு மருந்து இருக்கிறது, தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் தேவைப்படும், மருத்துவமனையில் வைத்து நிறுத்த வேண்டும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈரல் நோய்க்கும் மனநலத்துக்கும் டாக்டர்களைப் பார்த்துவிடலாம். நிறுத்திய சில வாரங்களிலேயே ஈரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும். எந்தப் பூச்சாற்றிலும் நான் அந்த வேகத்தைக் கண்டதில்லை.

சித்த மருத்துவத்தில் சித்தப்பாவுக்கு நம்பிக்கை என்றால் அதையும் தட்டிவிட வேண்டாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-லிருந்து நடக்கிறது, வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள். அந்தப் பாட்டிலையும் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் காட்டுங்கள். ஈரல் நோய்க்கு மருந்து கொடுக்கிற எந்தச் சித்த வைத்தியரும் பத்தியம் சொல்லாமல் அனுப்பமாட்டார், பத்தியத்தில் முதலில் நிற்பதே குடி. இதைச் சித்தப்பா வாயாலேயே அப்பாவிடம் சொல்லச் சொல்லுங்கள், அவர் சொன்னால் கேட்பார் என்று எழுதியிருந்தீர்கள். பாட்டிலை அதுவரை திறக்க வேண்டாம். பிளேட்லெட் எண்ணிக்கையும் பிலிருபினும் ஆல்புமினும் ரிப்போர்ட்டில் இருக்கும், பார்த்து எழுதுங்கள். கால் வீக்கம், வயிறு பெருத்தல், கறுப்பாக மலம், ராத்திரித் தூக்கம் மாறிப் பகலில் மயக்கமாக இருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் எனக்கு எழுதக் காத்திருக்காமல் இன்றைக்கே வண்டி பிடியுங்கள்.